விழாத பெயர்

பெயர் பிடிப்பதில் ஷமீமாவை மிஞ்ச ஆளில்லை என்று கேள்விப்பட்டு, அறுபத்து மூன்று வயது மாரப்பன் திருச்செங்கோட்டில் பஸ் ஏறிச் சங்ககிரியில் இறங்கினார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டார் ரீவைண்டிங் கடை. அதன் மாடியில் ஒரே அறை. உள்ளே இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிளாஸ்க், ஒரு பெண். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது.

"ஷமீமாங்கிறவரு வெளியே போயிருக்காருங்களா?" என்று கேட்டார்.

"உட்காருங்கய்யா," என்றாள் அவள்.

உட்கார்ந்து சிறிது நேரம் கழித்துத்தான் ஷமீமா இவளேதான் என்று அவருக்கு விளங்கியது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தார். பஸ்ஸில் வந்த தூரம் ஞாபகம் வந்து, உட்கார்ந்தே இருந்தார்.

இணையத்தில் தன் பக்கத்துக்கு முகவரியாக ஒரு பெயரை வைத்திருப்பவர் அதை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். மறந்துவிட்டாலோ, வேண்டாமென்று விட்டுவிட்டாலோ, ஒரு நாள் அந்தப் பெயர் பொதுவில் வந்து விழும். விழுந்த நொடியில் யார் முதலில் கேட்கிறாரோ அவருக்கு அது சொந்தம். அந்த நொடிக்காகக் காத்திருப்பதுதான் ஷமீமாவின் வேலை.

"எந்தப் பேரு வேணும்?"

"என் பேரு."

"உங்க பேரை யாரு எடுத்தாங்க?"

"செங்கோடன்."

இதைச் சொல்லும்போது மாரப்பன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பதினோரு வருஷமாக அந்தப் பெயரை அவர் யார் முகத்தையும் பார்த்துச் சொன்னதில்லை.

மாரப்பனும் செங்கோடனும் கூட்டாக ரிக் வண்டி வைத்து ஆழ்குழாய்க் கிணறு போட்டவர்கள். 'மாரப்பன் போர்வெல்ஸ்'. இரண்டு பேரில் மூத்தவர் பெயரை வைத்தார்கள். அனந்தப்பூர், கடப்பா பக்கம் அந்தப் பெயரைச் சொன்னால் தோட்டத்துக்குள் வண்டி விட இடம் கிடைக்கும். இருபத்திரண்டு வருஷம் ஓடியது. பிறகு ஒரு நாள் வார்த்தை தடித்தது. பிரிந்துவிடலாம் என்று ஆனது.

நாலு பேர் நடுவில் உட்கார்ந்து எழுதினார்கள். வண்டி ஆளுக்கு ஒன்று. கம்ப்ரஸர் ஆளுக்கு ஒன்று. ராடு, ஹேமர், மிச்சமிருந்த கேசிங் பைப், கடப்பாவில் வாங்கிய இரும்புக் கட்டில் வரைக்கும் எண்ணி எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். இணையத்தில் இருந்த பெயரை மட்டும் ஒருவரும் எழுதவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அந்த நாலு பேருக்கும் தெரியாது. மாரப்பனுக்கும் தெரியாது. செங்கோடனின் மருமகன் எப்போதோ அதை மாமனார் பேரில் பதிந்து வைத்திருந்தான்.

"என் பசங்க தனியா வண்டி எடுத்தப்போ வேற பேரு வெச்சாங்க. ஏண்டான்னா, உங்க பேரு கிடைக்கலைப்பாங்கறானுங்க. என் பேரு, என் மகனுக்குக் கிடைக்கலை!"

"செங்கோடன் ஐயா இன்னும் தொழில் பண்றாரா?"

"எங்கே? வண்டியை வித்துட்டு ராசிபுரத்துல மக வீட்டோட போயி உட்கார்ந்துட்டான். ஆனா இதை மட்டும் விடமாட்டேங்கறான் அம்மிணி. ஆவணி வந்தா காலாவதி ஆகுது. பக்கம் இருண்டு போகுது. சரி, இந்தத் தடவை விழுந்துரும்னு நான் காத்துக்கிட்டிருப்பேன். கடைசி நேரத்துல அபராதத்தோட கட்டி எடுத்துடறான். டீக்கடையில மீதிச் சில்லறைக்கு நின்னு சண்டை போடற ஆளுங்க அவன். எதுக்கு இதைக் கட்டறான்?"

"எதுக்கு?"

"அதைத்தானுங்க நான் உங்களைக் கேட்கறேன்!"

"எனக்குத் தெரியாது," என்றாள் ஷமீமா. "நாளைக்கு வாங்க. மூக்குக் கண்ணாடியை எடுத்துட்டு வாங்க."

தெரியாது என்று சொல்கிறவளிடம் எதற்கு நாளைக்குப் போக வேண்டும் என்று திரும்பும் வழியெல்லாம் யோசித்தார். விடை கிடைக்கவில்லை. மறுநாள் கண்ணாடியோடு போனார்.

அது சித்திரை மாசம். அன்று முதல் வாரத்துக்கு மூன்று நாள் போய்வந்தார்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவர் அவர். ரிக் வண்டியின் சத்தத்தை வைத்தே கீழே பாறையா, மண்ணா என்று சொல்லிவிடுவார். கீபோர்டில் ஒற்றை விரலால் 'ம' எங்கே இருக்கிறது என்று தேட மட்டும் அரை நாள் ஆனது. ஷமீமா அவசரப்படுத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்தாள்.

"காலாவதி ஆன உடனே பேரு விழாதுங்கய்யா," என்றாள் ஒரு நாள். "முதல்ல ஒரு மாசம் சொந்தக்காரர் சாதாரணமாக் கட்டி எடுத்துக்கலாம். அப்புறம் ஒரு மாசத்துக்கு, அபராதத்தோட. அதுவும் போச்சுன்னா, அஞ்சு நாள்."

"அஞ்சு நாள் என்ன?"

"யாரும் தொட முடியாது. அவரும் முடியாது, நாமளும் முடியாது. அஞ்சு நாள் முடிஞ்சதும் விழும்."

"அந்த அஞ்சு நாளும் பேரு யார்கிட்ட இருக்கும்?"

"யார்கிட்டேயும் இல்லை."

"எங்கேயாவது இருந்துதானே ஆகணும்?"

ஷமீமா பிளாஸ்கைத் திறந்து ஒரு டம்ளரில் டீ ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினாள். மாரப்பன் குடித்து முடித்தார். டம்ளரைக் கழுவி வைத்தார்.

"ராடையெல்லாம் மேலே உருவிட்டு, கேசிங் இறக்கறதுக்கு முன்னால வெறுங்குழி நிக்கும். சரியுமா, நிக்குமான்னு சொல்ல முடியாது. அந்த மாதிரிங்களா?"

"எனக்குக் கிணறு தெரியாதுங்களே," என்றாள் ஷமீமா.

ஆனி மாசம் அவருக்கு முதல் பெயர் கொடுத்தாள். 'வெண்ணிலா பாத்திர வாடகை'. எந்த ஊர்க் கடையோ, எப்போது மூடினார்களோ. அன்று பிற்பகல் விழ வேண்டிய பெயர்.

"பிடிங்க," என்றாள்.

மாரப்பன் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். உலகம் முழுக்க ஆயிரம் மிஷின்கள் ஒரே நொடியில் ஒரே பெயரைக் கேட்கும் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். நேரம் வந்தது. ஒற்றை விரலால் அழுத்தினார். இன்னொரு தடவை அழுத்தினார்.

கிடைத்துவிட்டது.

"விழுந்துருச்சு டீச்சர்!" என்று கத்தினார். கீழே ரீவைண்டிங் கடைக்காரர் வேலையை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார். அன்றைக்குத்தான் அவர் அம்மிணி என்பதை விட்டு டீச்சர் என்று கூப்பிட்டது.

"எத்தனை பேர்கிட்டேயிருந்து பிடிச்சேன்?"

"ஒருத்தரும் கேட்கலைங்க. நீங்க சாயங்காலம் வந்து அழுத்தியிருந்தாலும் கிடைச்சிருக்கும்."

"அப்புறம் எதுக்கு என் நெஞ்சு இப்படி அடிச்சுக்குது?"

ஷமீமா சிரித்தாள்.

ஆவணி வந்தது. செங்கோடனிடமிருந்த பெயர் வழக்கம் போலக் காலாவதியானது. பக்கம் இருண்டது. மாரப்பன் காலண்டரில் பென்சிலால் கோடு போட ஆரம்பித்தார். ஒரு மாசம் போனது. அபராத மாசமும் ஓடியது. அதன் இருபத்தொன்பதாவது கோடு போட்ட அன்று வீட்டுக்காரியிடம், "நாளையோட அவன் கையை விட்டுப் போகுது பாரு," என்று சொல்லி அல்வா வாங்கி வந்தார்.

மறுநாள் காலையில் போனை எடுத்துப் பார்த்தார். பக்கம் வந்துவிட்டது.

அதே பழைய போட்டோ. அனந்தப்பூரில் அறுநூறு அடியில் தண்ணீர் பீய்ச்சி அடிக்க, அவரும் செங்கோடனும் முழுக்க நனைந்து நிற்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு முன்பே செங்கோடன் போன் நம்பரை எடுத்துவிட்டிருந்தார், விலாசத்தையும் எடுத்துவிட்டிருந்தார். இரண்டு வருஷமாக போட்டோவுக்குக் கீழே ஒரே ஒரு வரி மட்டும்:

'காலை வணக்கம்.'

அன்று மாரப்பன் மாடிப்படி ஏறிய சத்தமே வேறு மாதிரி இருந்தது.

"நீங்கதானே சொன்னீங்க?"

"எதைங்க?"

"நான் காத்துக்கிட்டிருக்கேன்னு அவனுக்குத் துப்புக் கொடுத்தது நீங்கதானே? இல்லைன்னா சரியாக் கடைசி நாள்ல எப்படிங்க கட்டுவான்?"

"அவரை எனக்குத் தெரியாதுங்கய்யா."

"அப்புறம் அவனுக்கு எப்படித் தெரியும்? குத்திக் காட்டறானுங்க. கிணறு இல்லை, வண்டி இல்லை, ஆபீசு இல்லை. காலை வணக்கமாம்! யாருக்குடா வணக்கம்? உள்ள இருந்த பண்டத்தைத் தின்னுட்டு வெறும் கவரைக் கையில வெச்சுக்கிட்டவன், கவருக்கும் வணக்கம் வெக்கறான்!"

ஷமீமா அவர் மூச்சு வாங்கி முடிக்கட்டும் என்று இருந்தாள்.

"அந்தப் பக்கத்தை நீங்க தினமும் திறந்து பார்ப்பீங்களா?"

"ஆறு வருஷமா ஒரு நாள் தப்பினதில்லை. காலையில அஞ்சரைக்கு எந்திரிச்சதும் முதல் வேலை அதுதான்."

"எதுக்கு?"

"விழுந்துருச்சான்னு பார்க்கத்தான். வேற எதுக்கு? அவன் மூஞ்சியைப் பார்க்கவா?"

ஷமீமா தன் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். தன்னை வெளியே போகச் சொல்லப் போகிறாள் என்று மாரப்பன் நினைத்தார்.

"வெண்ணிலாவுக்கு ஒரு பக்கம் போடுங்க," என்றாள்.

"எதுங்க?"

"நீங்க பிடிச்ச பேரு சும்மாதானே கிடக்குது? அதுல ஒரு பக்கம் போடுங்க. ஒரு வரி எழுதினாப் போதும். எத்தனை பேர் வந்து பார்க்கறாங்கன்னு காட்டற கணக்கை நான் உங்க போன்ல வெச்சுத் தர்றேன்."

"என் பேருக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"என்ன எழுதறீங்க?"

மாரப்பன் கோபத்தில் இருந்தார். ஒற்றை விரலால் தட்டினார்: 'இங்கே ஒன்றுமில்லை.'

மறுநாள் கணக்கைப் பார்த்தார். வந்தவர் ஒருவர். நேரம், காலை ஐந்து முப்பது.

யாரோ தவறி வந்துவிட்டார்கள் என்று நினைத்தார். அடுத்த நாளும் ஒருவர். ஐந்து முப்பது. அதற்கடுத்த நாளும். ஒரு வாரம் பார்த்துவிட்டு வரியை மாற்றினார்: 'பாத்திரம் வாடகைக்கு இல்லை. கடையை எடுத்தாச்சு.' வந்தவர் வருவதை நிறுத்தவில்லை.

"டீச்சர், ஒரே ஒரு ஆளு வருதுங்க. தினமும். எதுக்கு வருது?"

"உங்க பக்கம். உங்களுக்குத்தான் தெரியும்."

மார்கழியில் மாரப்பன் இப்படி எழுதினார்: 'யாருங்க?' பதில் சொல்ல அந்தப் பக்கத்தில் வழி எதுவும் இல்லை என்பது எழுதிய பிறகுதான் உறைத்தது. இருந்தாலும் அழிக்கவில்லை.

ஐந்தரை மணி அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. ரிக் வண்டியில் எல்லோரையும் எழுப்பும் நேரம் அது. இருபத்திரண்டு வருஷம், எந்த ஊர்த் தோட்டமாக இருந்தாலும், ஐந்தரைக்கு எழுந்து ஸ்டவ்வைப் பற்ற வைப்பது செங்கோடன்தான். தை மாசம் ஒரு விடியலில் மாரப்பனுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது. போனை எடுத்து வரியை மாற்றினார்: 'நீதானேடா?'

ஐந்து முப்பதுக்கு ஆள் வந்தது. பார்த்தது. போனது.

மாரப்பனுக்கு இன்னது என்று தெரியாத பயம். உடனே அழித்தார். அன்று முழுக்க யாரிடமும் சரியாகப் பேசவில்லை. மாலையில் யோசித்து யோசித்து வேறு ஒன்று எழுதினார்: 'டீ குடிச்சாச்சா?'

அதன் பிறகு அந்த வரியை அவர் மாற்றவே இல்லை.

காலை எழுந்ததும் இப்போது அவருக்கு இரண்டு வேலை. முதலில் செங்கோடனின் பக்கத்தைத் திறந்து இன்னும் விழவில்லை என்று பார்த்துத் திட்டுவது. பிறகு வெண்ணிலாவின் கணக்கைத் திறந்து ஆள் வந்திருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு நாள் ஐந்து நாற்பது வரைக்கும் வரவில்லை. மாரப்பன் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். ஐந்து நாற்பத்து மூன்றுக்கு வந்தது. "என்னாச்சோ, பாவம்," என்றார். வீட்டுக்காரி, "யாருக்கு?" என்று கேட்டாள்.

மறு வருஷம் ஆனி வந்தது. வெண்ணிலாவின் வருஷம் முடியப்போகிறது என்று ஷமீமா ஞாபகப்படுத்தினாள்.

"விட்டுருங்கய்யா. பழகறதுக்குப் பிடிச்ச பேருதானே?"

"ஆமாங்க," என்றார் மாரப்பன். "எனக்கெதுக்குப் பாத்திர வாடகை? விட்டுடறேன்."

காலாவதியானது. பக்கம் இருண்டது. மாரப்பன் முதல் நாள் சும்மா இருந்தார். இரண்டாம் நாள், வந்த ஆள் இருட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்குமே என்று நினைத்தார். ஒரு வாரம் போனது. காலண்டரில் பென்சில் கோடுகள் தானாக விழுந்தன. ஒவ்வொரு கோடு போடும்போதும் போன ஆவணியில் போட்ட கோடுகள் ஞாபகம் வந்தன. இதற்கும் அதற்கும் ஏதோ இருப்பது போலத் தோன்றும். என்னவென்று பிடிக்கப் போனால் நழுவிவிடும்.

பத்தொன்பதாவது நாள், யாருக்கும் தெரியாமல் பெரிய மகனின் கார்டை எடுத்து, ஒற்றை விரலால் நம்பரைத் தட்டி, வெண்ணிலாவைப் புதுப்பித்தார். பக்கம் மறுபடி வந்தது. 'டீ குடிச்சாச்சா?' என்று கேட்டது.

மறுநாள் காலை ஐந்து முப்பதுக்கு ஆள் வந்தது. மாரப்பன் வெகுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தார்.

அன்று சங்ககிரிக்குப் போய், ஒன்றும் தெரியாதவர் போல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வெண்ணிலாவைக் கட்டிட்டீங்க போல," என்றாள் ஷமீமா.

"அது... சும்மா. கை மறந்துறக் கூடாதேன்னு..."

"விட்டுடறேன்னு சொன்னீங்க."

மாரப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பொய் சொல்லத் தோன்றவில்லை.

"ஆளு வருதுங்க டீச்சர். ஒரு நாள் விடாம வருது. பக்கத்துல ஒண்ணுமே இல்லை, அப்பவும் வருது. ஒருத்தர் வந்து பார்த்துட்டே இருக்கறப்போ எப்படிங்க இழுத்து மூடறது? மனசு வருதா?"

"வர்றது யாருன்னு நினைச்சீங்க?"

"யாரோ."

"யாருங்கய்யா?"

மாரப்பன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"நான்தான்," என்றாள் ஷமீமா.

கீழே கடையில் ஒரு மோட்டாரை ஓட்டிப் பார்த்தார்கள். அது உறுமி, வேகமெடுத்து, நின்றது.

"நீங்களா? தினமுமா?"

"காலையில அஞ்சரைக்கு. ஒரு நாள் தூங்கிட்டேன்."

"நீங்க எதுக்குங்க வந்தீங்க?"

"விழுந்துருச்சான்னு பார்க்க."

மாரப்பன் அவள் முகத்தையே பார்த்தார். அவள் விளையாடுகிற மாதிரி தெரியவில்லை.

"டீ குடிச்சாச்சான்னு எழுதியிருந்தேனே..."

"படிச்சேன்."

"அதுக்கு முன்னால ஒரு நாள் காலையில மட்டும்..."

"அதையும் படிச்சேங்கய்யா."

அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். திரும்பக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எதையோ கேட்க வாயெடுத்தார். "அப்படின்னா அவன் போன்லயும் ஒரு கணக்கு..." என்று ஆரம்பித்தார். நனைந்து நின்ற இரண்டு பேரும், அதற்குக் கீழே அந்த ஒற்றை வரியும் கண்ணுக்குள் வந்து நின்றன.

"ஆவணிக்கு இன்னும் இருபது நாள்தானுங்க இருக்கு," என்றார். எதற்காக அதைச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

ஷமீமா பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நாளையிலேருந்து நான் அஞ்சரைக்கு வரமாட்டேங்கய்யா," என்றாள். "நீங்க செங்கோடன் ஐயா பக்கத்துக்குப் போவீங்களா?"